மேடையில நிக்கிறவரோட இதயத்துடிப்பை அரங்கத்துக்குக் காட்டணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில ஒருதடவை சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ஒருத்தர் மட்டும் நடிக்கிற நாடகம், அவரோட இதயத்துடிப்பை பின்னாடி பெரிய எண்ணா 300 பேர் பாக்குற மாதிரி காட்டணும், உடம்புல இருந்து வயர் எதுவும் தொங்கக் கூடாது, வீட்டுலயே செஞ்சுக்கணும். விரல்ல மாட்டுற பல்ஸ் சென்சாரையும் ஆர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டையும் வெச்சு ஒண்ணு செஞ்சும் பாத்துட்டீங்க. நாற்காலியில உக்காந்தா 76, 78ன்னு ஒழுங்கா வருது, எழுந்து நாலு அடி நடந்தா 45க்கு விழுது, இல்லைன்னா 190க்கு எகிறுது. இந்தக் குதிப்பை கோடுல, அதாவது அதுல ஏத்தற புரோகிராம்ல, எப்படி வடிகட்டறதுங்கறதுதான் நீங்க எழுதின கேள்வி. ஆனா அதுக்கு அடியில இருக்கற கேள்வி வேற: நிஜமான நடிப்பு நடக்கும்போது, நிறைஞ்ச அரங்கத்துல, அந்த எண்ணை நம்பலாமா? நான் அதுக்குத்தான் பதில் எழுதறேன், கோடு அதுல ஒரு பகுதியா வரும்.

நான் படிச்சது பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன். பல வருஷம் ஒரு மருத்துவமனையில பேஷன்ட் மானிட்டருங்களை பாத்துக்கற வேலை, அப்புறம் மேடை எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வந்துட்டேன், இந்த மாதிரி டிஸ்பிளே ஏழெட்டு செஞ்சிருக்கேன். டாக்டர் இல்லை, அதனால அந்த எண்ணுக்கு மருத்துவ அர்த்தம் சொல்ற இடத்துக்கு நான் போக மாட்டேன்.

முதல்ல நேரடியான பதில்: புரோகிராமை விடுங்க, சென்சாரை மாத்துங்க. விரல்ல மாட்டுற அந்த சென்சார் இதயத்தை அளக்கவே இல்லை, விரல்ல ஓடுற ரத்தத்தோட அளவு ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு மாறுதுன்னு வெளிச்சத்தை வெச்சு பாக்குது. திரும்பி வர்ற வெளிச்சத்துல துடிப்பால வர்ற ஏற்ற இறக்கம் ரொம்பச் சின்னது, நல்ல நிலைமையிலேயே ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் இருக்கும். கையை வீசினா ரத்தம் இடம் மாறுது, சென்சார் தோலை அழுத்தற அழுத்தம் மாறுது, ஸ்டேஜ் லைட் ஓரமா உள்ள நுழையுது, இது ஒவ்வொண்ணும் அந்த ஒண்ணு ரெண்டு சதவீதத்தை விட பல மடங்கு பெருசு. அதுலயும் நடையோட தாளம் நிமிஷத்துக்கு 100, 110 அடின்னு இருந்தா அதுவே துடிப்பு மாதிரி அழகா ஒரு அலையைக் கொடுக்கும், உங்க புரோகிராம் அதைத்தான் எண்ணும். உங்களுக்கு வேணுங்கற அலையும் வேண்டாத அலையும் ஒரே அலைவரிசையில இருக்கறப்போ எந்த ஃபில்டரும் ரெண்டையும் பிரிச்சுத் தராது. கைக்கடிகாரம் செய்யற பெரிய கம்பெனிங்க இதுக்காக ஆக்சிலரோமீட்டர்ங்கற அசைவு சென்சாரை வெச்சு அசைவைக் கழிச்சுப் பாக்கறாங்க, அப்படியும் கையை மடக்கி நீட்டி எதையாவது இறுக்கிப் பிடிச்சா தடுமாறத்தான் செய்யுது.

இதுல மேடைக்குன்னே ஒரு தனிச் சிக்கல் இருக்கு, பல பேர் இதை கவனிக்கறதில்லை. பயம் வந்தா, பதட்டம் வந்தா, விரல் நுனியில இருக்கற ரத்தக்குழாய் சுருங்கிடும். மேடை ஏறப் போறவர் கையைத் தொட்டுப் பாத்தா சில்லுன்னு இருக்கும் பாத்திருக்கீங்களா, அதுதான். அதாவது எந்த நிமிஷத்துல துடிப்பு ஏறுறதை ஜனங்களுக்குக் காட்டணும்னு நீங்க ஆசைப்படறீங்களோ, சரியா அந்த நிமிஷத்துல விரல்ல சிக்னல் மங்கிப் போகும். காது மடல்ல கிளிப் போட்டா விரலை விட பரவாயில்லைதான், ஆனாலும் தலையைத் திருப்பித் திருப்பி நடிக்கறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேமராவை வெச்சு தூரத்துல இருந்தே அளக்க முடியாதான்னு அடுத்து கேப்பீங்க. முடியும், 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வில்வித்தையில வீரர்களோட இதயத்துடிப்பை டிவியில காட்டினாங்களே, அது முகத் தோலோட நிற மாற்றத்தை கேமராவுல பாத்து கணக்கு போட்டதுதான், உடம்புல எதையும் மாட்டலை. ஆனா வில்லாளி ஒரே இடத்துல நிக்கிறார், பகல் வெளிச்சம், முகம் எந்தப் பக்கம் இருக்கும்னு முன்னாடியே தெரியும். சிவப்பு லைட் அணைஞ்சு நீல லைட் எரியற மேடையில, முகத்துல மேக்கப்போட நடந்துக்கிட்டே இருக்கறவருக்கு அது சரிப்படாது.

அப்போ என்னதான் செய்யறது? மார்பைச் சுத்தி கட்டுற பட்டை, செஸ்ட் ஸ்ட்ராப். அது இதயத்தோட மின் சிக்னலையே எடுக்குது. ஈசிஜி தாள்ல கூர்மையா மேல எழும்புமே ஒரு முனை, ஆர் அலைன்னு சொல்வாங்க, தோல் மேல அது கிட்டத்தட்ட ஒரு மில்லிவோல்ட் அளவுல கிடைக்கும். சின்ன சிக்னல்தான், ஆனா வடிவம் தனியா தெரியும், நடந்தாலும் ஓடினாலும் கண்டுபிடிச்சிடலாம். இது புது விஷயமும் இல்லை, பின்லாந்துல போலார் கம்பெனி வயர் இல்லாத ஹார்ட் ரேட் மானிட்டரை விளையாட்டு வீரர்களுக்காக வெளியிட்டது 1982ல. பட்டையை நீங்க செய்ய வேண்டாம், ரெடிமேடா ப்ளூடூத் லோ எனர்ஜி இருக்கறதா பாத்து வாங்குங்க. நீங்க செய்ய வேண்டியது அதுக்கு அப்புறம் இருக்கற எல்லாம், அதுவே போதுமான வேலை.

பட்டையைக் கட்டுறதுலதான் பாதி வெற்றி இருக்கு, அதனால இதை கொஞ்சம் நிதானமா சொல்றேன். உள் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் கருப்பா வழவழன்னு இருக்கற பகுதிதான் எலக்ட்ரோடு. காய்ஞ்ச தோல் மேல காய்ஞ்ச எலக்ட்ரோடு உக்காந்தா சிக்னல் கிடைக்காது, அல்லது அதை விட மோசமா தப்பான சிக்னல் கிடைக்கும். சட்டைத் துணி நைலானா பாலியஸ்டரா இருந்தா, நடக்க நடக்க தோல்ல உராஞ்சு ஸ்டாட்டிக் சார்ஜ் சேரும், அது எலக்ட்ரோடுல முள்ளு முள்ளா விழும், பட்டை ஒவ்வொரு முள்ளையும் துடிப்புன்னு எண்ணிடும். முதல் பத்து நிமிஷம் 180ன்னு காட்டிட்டு அப்புறம் தானா 95க்கு இறங்குச்சுன்னா காரணம் இதுதான், வியர்வை வந்து தொடர்பு சரியாயிடுச்சு. ஓட்டக்காரருக்கு பத்து நிமிஷம் பரவாயில்லை, உங்க நாடகத்துல முதல் காட்சியே போயிடும். தண்ணி தொட்டு வெச்சா லைட் சூட்டுல காய்ஞ்சிடும், அதனால நான் எலக்ட்ரோடு ஜெல்தான் போடுவேன், ஈசிஜி எடுக்க பயன்படுத்தறது, ரெண்டு பக்கமும் ஒரு மிளகு அளவு. நிறைய போட்டு ரெண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவுல ஜெல் பாலம் போட்டுடாதீங்க, சிக்னல் ஷார்ட் ஆயிடும். பட்டை மார்புத் தசைக்குக் கீழ, விலா எலும்பு மேல படியணும். ஒரு விரல் சிரமப்பட்டு உள்ள நுழையற இறுக்கம் இருந்தா போதும். முழு மூச்சு இழுத்து வசனம் பேசச் சொல்லிப் பாருங்க, பாட்டு இருந்தா பாடச் சொல்லுங்க, கையை ரெண்டையும் மேல தூக்கச் சொல்லுங்க, அப்பவும் நழுவலைன்னா சரி.

"இல்லை, ஈசிஜியையும் நானே செய்யணும்"னு சொல்றவங்களுக்கு ஏடி8232 சிப் போட்ட சின்ன போர்டு இருக்கு, மூணு ஒட்டு எலக்ட்ரோடு, அனலாக் அவுட்புட், எலக்ட்ரோடு கழண்டா சொல்றதுக்குத் தனி பின் கூட இருக்கு. விநாடிக்கு 250 சாம்பிள் எடுத்து, பான்-டாம்ப்கின்ஸ் முறையில ஆர் அலையைக் கண்டுபிடிக்கலாம், 1985ல வந்த முறை, இன்னைக்கும் நல்லா வேலை செய்யுது: 5ல இருந்து 15 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் விட்டு, சரிவைக் கணக்குப் போட்டு, வர்க்கமாக்கி, நகரும் சராசரி எடுத்து, தன்னைத் தானே மாத்திக்கிற வரம்பை வெச்சு எண்ணணும், ஒரு துடிப்புக்கு அப்புறம் 200 மில்லிசெகண்டு கண்ணை மூடிக்கணும். கத்துக்க அருமையான வேலை. ஆனா மேடைக்கு நான் அதை எடுத்துட்டுப் போக மாட்டேன், அந்த மூணு கேபிள் ஆடுற ஆட்டமே சிக்னலைக் கெடுத்துடும்.

எந்த வழியில போனாலும் ஒரு விஷயத்துல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உடம்புல எலக்ட்ரோடு ஒட்டியிருக்கறப்போ அந்த சர்க்யூட் பேட்டரியில மட்டும்தான் ஓடணும். புரோகிராம் ஏத்தறதுக்காகக் கூட, சார்ஜர்ல இருக்கற லேப்டாப்போட யூஎஸ்பி கேபிளை மாட்டக் கூடாது. மருத்துவக் கருவிங்களுக்கான ஐஈசி 60601 தரத்துல, நேரா இதயத்தோட தொடர்புல வர்ற பாகத்துக்கு சாதாரண நிலையில 10 மைக்ரோஆம்ப் கசிவைத் தாண்டக் கூடாதுன்னு இருக்கு, தோல் மேல படுற பாகத்துக்கு 100 மைக்ரோஆம்ப். வீட்டுல செஞ்ச சர்க்யூட்டுல அந்தத் தனிமைப்படுத்தல் எதுவும் கிடையாது. மேடையில இன்னொரு ஆபத்தும் சேருது: மைக் ஸ்டாண்டு, எலக்ட்ரிக் கிடார் கம்பி இதெல்லாம் எர்த்தோட சேர்ந்திருக்கும், நடிகர் அதைத் தொட்டுக்கிட்டு நிக்கிறார், உங்க சர்க்யூட்ல கோளாறு இருந்தா கரன்ட் போற பாதை அவர் நெஞ்சு வழியா. ரெடிமேட் பட்டையில காசு மாதிரி சின்ன பேட்டரி மட்டும் இருக்கு, வெளிய போற வயர் ஒண்ணும் இல்லை, நான் அதைச் சொல்றதுக்கு இதுவும் பெரிய காரணம். பேஸ்மேக்கர் வெச்சிருக்கறவரா இருந்தா அவரோட டாக்டர் சரின்னு சொல்லாம எதையும் கட்ட வேண்டாம்.

அடுத்தது ரேடியோ. பட்டை அனுப்பறது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல, சில மில்லிவாட்டைத் தாண்டாத சக்தியில. இந்த அலைவரிசையை தண்ணி நல்லா உறிஞ்சிக்கும், மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணிதான். நடிகர் முதுகைக் காட்டித் திரும்பினா அவர் உடம்பே மறைக்கும், அரங்கம் நிறைஞ்சா 300 உடம்பு நடுவுல நிக்கும், அது போதாதுன்னு 300 பேர் போனும் அதே அலைவரிசையில வைஃபை, ப்ளூடூத்னு பேசிக்கிட்டு இருக்கும். என்னோட முதல் டிஸ்பிளேல ரிசீவரை அரங்கத்தோட பின்பக்கம் சவுண்டு மிக்ஸர் பக்கத்துல வெச்சிருந்தேன். காலி அரங்கத்துல மூணு நாள் ஒத்திகை, ஒரு தடவை கூட அறுந்ததில்லை. ஜனங்க வந்து உக்காந்து கதவை மூடின அஞ்சாவது நிமிஷம் இணைப்பு போச்சு, வந்துச்சு, போச்சு. அன்னைக்கு கத்துக்கிட்டது: வயர்லெஸ்ங்கறது நடிகர் உடம்புல இருந்து மேடை ஓரம் வரைக்கும் மட்டும்தான், அதுக்கு மேல வயர்.

அதனால ரிசீவரை, நான் ப்ளூடூத்தும் வைஃபையும் உள்ளயே இருக்கற ஈஎஸ்பி32ங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு பயன்படுத்தறேன், மேடையோட முன் விளிம்புலயோ பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாடியோ வையுங்க, நடிகர் எங்க நின்னாலும் நாலஞ்சு மீட்டருக்குள்ள இருக்கற மாதிரி. உலோகப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிடாதீங்க, தரையில போடாதீங்க, இடுப்பு உயரத்துல இருக்கட்டும். மேடை ரொம்ப அகலம்னா எந்த ஒரு இடமும் போதாது, அப்போ ஒரு ஈஎஸ்பி32வை சின்ன பேட்டரியோட நடிகர் பாக்கெட்டுலயே வெச்சு அது பட்டையோட பேசி, மேல ரிலே பண்ண வைக்கலாம். அங்கிருந்து டிஸ்பிளேக்கு ஈஎஸ்பி-நவ்ல, அதாவது அந்த போர்டுங்க தங்களுக்குள்ள நேரா பேசிக்கற வயர்லெஸ் முறையில, அனுப்பலாம், ஆனா அதுவும் அதே 2.4தான், அந்த போர்டுல ப்ளூடூத்துக்கும் வைஃபைக்கும் ஒரே ரேடியோ, ரெண்டும் நேரத்தைப் பங்கு போட்டுக்கும். மேடை ஓரத்துல இருந்து டிஸ்பிளே வரைக்கும் நான் ஆர்எஸ்-485ங்கற வயர் இணைப்பை ஓட்டறேன், முறுக்கின ரெண்டு கம்பி, குறைஞ்ச வேகத்துல நூத்துக்கணக்கான மீட்டர் அலட்டாம போகும். லைட்டுக்காரங்க ஓட்டற டிஎம்எக்ஸ் கேபிளுக்கும் அடிப்படை இதேதான், உபரியா ஒரு லைன் இருந்தா அதையே கேட்டு வாங்கிக்கலாம், கடைசி முனையில 120 ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீங்க. அவங்க லைட்டுக்குப் போற லைன்ல மட்டும் உங்களோடதை கலந்துடாதீங்க.

உங்க அரங்கத்துல எத்தனை மீட்டர் வரைக்கும் எட்டும்னு நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது, சொல்றவங்க யாரையும் நம்பவும் வேண்டாம், அது சுவரையும் கூட்டத்தையும் பொறுத்தது. உறுதியா சொல்லக் கூடியது ஒண்ணு: காலி அரங்கத்துல எட்டுற தூரத்தை நிறைஞ்ச அரங்கத்துக்குக் கணக்கா எடுத்துக்கக் கூடாது.

ரேடியோவுல இன்னொரு விஷயம். பட்டையை உடம்புல கட்டின உடனே அது "நான் இங்க இருக்கேன்"னு எல்லாருக்கும் அறிவிக்க ஆரம்பிச்சிடும், பல பட்டையில பாஸ்வேர்டு ஒண்ணும் கிடையாது, யார் முதல்ல கேக்கறாங்களோ அவங்களோட இணைஞ்சிடும், ஒரே நேரத்துல ஒரே இணைப்புதான் தாங்கறதும் நிறைய. கூட்டத்துல ஒருத்தர் போன்ல உடற்பயிற்சி ஆப் திறந்திருந்தா உங்க நடிகரோட பட்டை அவர் போனுக்குப் போயிடலாம். அதனால ஜனங்களை உள்ள விடறதுக்கு முன்னாடியே இணைச்சு வெச்சுக்குங்க, பேரை வெச்சுத் தேடாம அந்தப் பட்டையோட முகவரியை புரோகிராம்ல நேரா எழுதிடுங்க. ஆன்ட் பிளஸ்ங்கற இன்னொரு வயர்லெஸ் முறையில இந்தத் தொல்லை இல்லை, 2457 மெகாஹெர்ட்ஸ்ல விநாடிக்கு சுமார் நாலு தடவை ஒலிபரப்பிக்கிட்டே இருக்கும், எத்தனை ரிசீவர் வேணும்னாலும் கேட்டுக்கலாம், ஒவ்வொரு செய்தியிலயும் துடிப்போட வரிசை எண்ணும் நேரமும் இருக்கறதால நடுவுல ஒண்ணு தவறினாலும் கண்டுபிடிச்சிடலாம். ஆனா ஈஎஸ்பி32 அதைப் பேசாது, அதுக்குத் தனி சிப் வேணும்.

இப்போ புரோகிராம். ப்ளூடூத்ல ஹார்ட் ரேட்டுக்குன்னு பொதுவான சர்வீஸ் இருக்கு, ஹெக்ஸ்ல 180டி, அதுக்குள்ள அளவீடு வர்ற இடம் 2ஏ37. அதோட 2902 டிஸ்கிரிப்டர்ங்கற அமைப்புல நோட்டிஃபிகேஷனை, அதாவது தானா செய்தி அனுப்பறதை, ஆன் பண்ணினா விநாடிக்கு சுமார் ஒரு செய்தி வர ஆரம்பிக்கும். நெட்ல கிடைக்கற பாதி உதாரண புரோகிராமுங்க ரெண்டாவது பைட்டை எடுத்து அப்படியே அச்சடிச்சிடும், முதல் பைட்டை பாக்கறதே இல்லை. முதல் பைட்டுலதான் விஷயமே இருக்கு. அதோட கடைசி பிட், அதாவது பிட் 0, எண் ஒரு பைட்டா ரெண்டு பைட்டான்னு சொல்லும். பிட் 2 போட்டிருந்தா அந்தப் பட்டைக்கு தோல் தொடர்பைக் கண்டுபிடிக்கத் தெரியும்னு அர்த்தம், அப்போ பிட் 1 சுழியமா இருந்தா பட்டை தோலை விட்டு விலகியிருக்கு. பிட் 4 இருந்தா கடைசியில துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியும் வரும், ஒரு விநாடியை 1024 பங்கா போட்ட அலகுல. ஒரே செய்தியில ரெண்டு மூணு இடைவெளி கூட வரலாம், அதனால லூப் போட்டுப் படிக்கணும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் ஒரு ராத்திரி. ஒரு நடனக் கலைஞர், ஆட்டத்துக்கு நடுவுல பட்டை நழுவி இடுப்புக்கு வந்துடுச்சு. டிஸ்பிளேல 84. அவங்க சுழன்று ஆடுறாங்க, மூச்சு வாங்குது, வியர்வை தெறிக்குது, பின்னாடி சுவர்ல 84, அசையாம. கடைசியா வந்த எண்ணை என்னோட புரோகிராம் வெச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆறு நிமிஷம். ஜனங்க அதை நம்பினாங்க, இவ்வளவு ஆடியும் துடிப்பு ஏறவே இல்லையேன்னு ஒருத்தர் வெளிய வந்து வியந்து சொன்னாரு, அந்தக் கலைஞர் அவருக்கு பதில் சொல்ல முடியாம என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கலை. மருத்துவமனையில மானிட்டர்ல எலக்ட்ரோடு கழண்டா எண் போய் அந்த இடத்துல வெறும் கோடு (--) வரும், அலாரம் அடிக்கும், அதையே வருஷக்கணக்கா பராமரிச்சவன் மேடைக்குன்னு வந்ததும் அதைச் செய்யாம விட்டேன்.

அதுக்கு அப்புறம் நான் செய்யறது: ஒவ்வொரு எண்ணோடயும் அது வந்த நேரத்தையும் சேத்து வைக்கறேன். மூணு விநாடிக்கு மேல புதுசு வரலைன்னா எண் மங்கும், ஆறு விநாடி ஆனா எண்ணை எடுத்துட்டு ரெண்டு சின்னக் கோடு. தோல் தொடர்பு பிட் போனா உடனே கோடு, காத்திருக்கறதே இல்லை. ஒரு செய்திக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 30க்கு மேல குதிச்சா அதை உடனே காட்டாம, அடுத்த ரெண்டு செய்தியும் அதையே சொல்லுதான்னு பாத்துட்டு காட்டறேன். டிஸ்பிளே பக்கமும் தனியா ஒரு டைமர் இருக்கணும், ஏன்னா நடுவுல கேபிள் அறுந்தா ரிசீவரால ஒண்ணும் சொல்ல முடியாது. ப்ளூடூத் இணைப்புல சூப்பர்விஷன் டைம்அவுட்னு ஒரு அமைப்பு இருக்கு, எதிர்முனை செத்துடுச்சுன்னு முடிவு பண்ண எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்றது, 32 விநாடி வரைக்கும் வைக்கலாம், அதை மூணு நாலு விநாடிக்குக் குறைச்சுடுங்க, அப்போதான் மறுபடி இணையறதும் சீக்கிரம் நடக்கும்.

எண்ணோட சேத்து துடிக்கிற இதயப் படமும் வேணும்னு எழுதியிருக்கீங்க. 72ன்னு எண் வந்துச்சேன்னு நிமிஷத்துக்கு 72 தடவை சீரா மின்ன வைக்கறது சுலபம், ஆனா அது அவரோட துடிப்பு இல்லை, ஒரு கடிகாரம். நிஜத் துடிப்பு மூச்சு இழுத்தா கொஞ்சம் வேகமாகும், விட்டா மெதுவாகும், நீளமா ஒரு வசனம் பேசி முடிச்சு மூச்சு இழுக்கறப்போ அந்த மாற்றம் தெரியும், அதைப் பாக்கும்போதுதான் ஜனங்களுக்கு உயிர் இருக்குன்னு படும். அதனால பட்டை அனுப்பற அந்தத் துடிப்பு இடைவெளிங்களை ஒரு வரிசையில போட்டு, ஒண்ணரை ரெண்டு விநாடி தள்ளி, அதே இடைவெளியில மின்ன வையுங்க. செய்தி விநாடிக்கு ஒரு தடவைதான் கொத்தா வருதுங்கறதால இந்தத் தாமதத்தைத் தவிர்க்க முடியாது. எண்ணும் சில விநாடி பின்தங்கித்தான் வரும், பட்டையே உள்ளுக்குள்ள சில துடிப்பை சராசரி போடுது. நடிகரே தன் நெஞ்சைத் தட்டிக் காட்டற மாதிரி காட்சி இருந்தா ரெண்டும் ஒட்டாது, அதை இயக்குநர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மின்னுறதுல ஒரு எச்சரிக்கை. ஒளி வேகமா விட்டு விட்டு எரிஞ்சா சிலருக்கு வலிப்பு வரும், வெப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டியில விநாடிக்கு மூணு மின்னலுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்கு. நிமிஷத்துக்கு 180 துடிப்புன்னா கணக்குப் போடுங்க, விநாடிக்கு சரியா மூணு. சுவர் முழுக்க சிவப்பா மின்ன வைக்கற யோசனை இருந்தா கைவிட்டுடுங்க, அடர் சிவப்பு அதுலயும் மோசம். சின்னப் படம், மெதுவா பெருசாகி மெதுவா சிறுசாகறது, அது போதும்.

டிஸ்பிளே பத்தி சுருக்கமா. மூணு மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம்னு ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கு, கடைசி வரிசை 30 மீட்டர்னா எண் 25 செண்டிமீட்டர் உயரமாவது வேணும். எல்ஈடி ஸ்ட்ரிப்புல, கால்குலேட்டர்ல வர்ற மாதிரி ஏழு துண்டு சேந்த எண் செஞ்சா, துண்டுக்கு ஆறு எல்ஈடி, மூணு இலக்கத்துக்கு 126 எல்ஈடி. டபிள்யூஎஸ்2812பி வகை எல்ஈடி ஒண்ணு முழு வெள்ளையில 60 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும், மொத்தம் ஏழரை ஆம்ப், சிவப்பு மட்டும்னா அதுல மூணுல ஒரு பங்கு. பவர் சப்ளையை அதுக்கேத்த மாதிரி எடுங்க, 3.3 வோல்ட் டேட்டா லைனை 5 வோல்ட்டுக்கு ஏத்தற சின்ன ஐசி ஒண்ணு போடுங்க. பி10ங்கற ரெடிமேட் எல்ஈடி பேனல் ஒண்ணு 16 செண்டிமீட்டர் உயரம், உங்களுக்கு ரெண்டு வரிசை அடுக்கணும். ப்ரொஜெக்டர் ஏற்கனவே இருந்தா இதெல்லாம் வேண்டாம், க்ரோம் பிரவுசர்ல வெப் ப்ளூடூத் வழியா ஒரு பக்கமே பட்டையோட நேரா பேசும், அந்த லேப்டாப் மேடைக்குப் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான். முதல் முயற்சிக்கு நான் இதையே சொல்வேன், ஒரு சாயங்காலத்துல எண் திரையில வந்துடும்.

அந்த எண் என்ன சொல்லுதுங்கறதுல மட்டும் ஜாக்கிரதையா இருங்க. துடிப்பு எத்தனைங்கறது உறுதி, ஏன்ங்கறது எண்ணுக்குத் தெரியாது. அவர் படியேறி ஒரு நாற்காலியைத் தூக்கினா 120 வரும், அதுல பயம் ஒண்ணும் இல்லை. ஒத்திகையில வசனமே இல்லாம வெறும் அசைவுகளை மட்டும் செய்யச் சொல்லி ஒரு தடவை பதிவு பண்ணி வெச்சுக்குங்க, அப்புறம் முழு நடிப்போட பதிவை அது மேல வெச்சுப் பாத்தா எந்த ஏற்றம் உடம்பால, எந்த ஏற்றம் மனசாலன்னு ஓரளவுக்குப் பிரிக்கலாம், ஓரளவுக்குத்தான்.

கடைசியா நடிகர் பக்கம். இது அவரோட உடம்புத் தகவல். துடிப்பைக் குறைக்கற மாத்திரை சாப்பிடறவரா இருந்தா எண் ஏறவே ஏறாது, துடிப்பு நடுவுல ஒண்ணு முந்தி வந்தா இடைவெளிப் படத்துல அது தெரியும், கூட்டத்துல விஷயம் தெரிஞ்சவர் இருந்தா கவனிப்பார். இதையெல்லாம் அவர்கிட்ட தனியா உக்காந்து சொல்லி, அவர் சரின்னு சொன்னா மட்டும் செய்யுங்க. பதிவு பண்ணின கோப்பு அவருக்குச் சொந்தம், நாடகம் முடிஞ்சதும் கொடுத்துட்டு உங்ககிட்ட இருக்கறதை அழிச்சிடுங்க. பட்டையைக் கழட்டாமலேயே எண் காட்டறதை நிறுத்தற ஒரு ஸ்விட்ச் மேடை மேலாளர் கையில இருக்கட்டும், நடிகர் ஒரு சைகை காட்டினா எண் போய் கோடு வரணும், ஏன்னு யாரும் அவரைக் கேக்கக் கூடாது. நான் செஞ்சதுல ரெண்டு தடவை அந்த ஸ்விட்ச் தேவைப்பட்டிருக்கு.

மேடையோட அகலம், கடைசி வரிசை எத்தனை மீட்டர், அவர் சட்டை என்ன துணி, இந்த மூணையும் எழுதுங்க, ரிசீவரை எங்க வைக்கலாம், எண் எவ்வளவு உயரம் வேணும்னு பாத்து சொல்றேன். புதுப் பட்டை வந்ததும் ஜெல் போட்டு கட்டி, உங்க வீட்டுலயே அரை மணி நேரம் நடந்து பேசி பதிவு பண்ணிப் பாருங்க, 45க்கும் 190க்கும் குதிக்கறது நின்னுடுச்சான்னு அதுல தெரிஞ்சிடும்.